கதவு வரை தூக்கிவந்த குழந்தை

என் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று போட்டிருக்கும். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நர்ஸுகளுக்கு நான் ‘அந்தத் தமிழ் அம்மா’. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் தடவை நான் ‘அப்பாடா, நம்ம ஆளு’. அடுத்த தடவை வரும்போது அந்த அப்பாடாவில் பாதி கரைந்திருக்கும். காரணம், நான் யாருக்காகவும் பரிந்து பேசுவதில்லை. சொன்னதைச் சொல்வேன், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கான இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு விதித்திருக்கும் சட்டம் எளிமையானது. அறைக்குள் யார் வாயிலிருந்து எது வந்தாலும் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, விழுங்கவும் கூடாது. தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் என்ன சொல்றார்னா’ என்று இழுக்கும் வேலையெல்லாம் கிடையாது. அதனால் ஒரே காலையில் நான் காது வலிக்கும் பையனாகவும், தூக்கம் கெட்ட அவன் அப்பாவாகவும், இரண்டு பேரையும் அதட்டும் டாக்டராகவும் இருந்துவிட்டு, சாப்பாட்டு வேளையில்தான் நானாகத் திரும்புவேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. குடும்பங்களோடு வெளியே காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் கதை வரும், கேட்ட கதையை அறைக்குள் கொண்டுபோய்ப் போடத் தோன்றும். ஆகவே நடைபாதைக் கோடியில், ஜெராக்ஸ் காகிதம் அடுக்கிவைத்திருக்கும் சின்ன அறையில்தான் என் வாசம். டாக்டர் தன் அறைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுவார்கள். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள்.

வாண்டுவை நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். வாண்டு என்பது அவள் அப்பா வைத்த பட்டப்பெயர். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. அப்பாவுக்கு ஒரு கிடங்கில் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை. அம்மாவுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. அது குழந்தையின் கவுனைப் பார்த்தாலே தெரியும். ஒரு சுருக்கம் இருக்காது. மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். இரட்டைப் பின்னல், ரிப்பன், முகத்தில் பவுடர், பளபளக்கும் ஷூ. கதவு திறந்ததும் யார் கையையும் பிடிக்காமல் முதல் ஆளாக நடந்து வருவாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டாமல் வைத்திருப்பாள். நானே பல நாள் நினைத்திருக்கிறேன், என் வீட்டுப் பிள்ளைகள் இந்த வயதில் இதில் கால்வாசி அடக்கமாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை நரை வந்திருக்காதென்று.

டாக்டர் நல்ல மனிதர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். வாண்டு அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வாளே தவிரச் சிரிக்க மாட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பதும் அம்மா சொல்வதும் ஒன்றுதான்.

“விளையாடுறாளா?”

“விளையாடுறா டாக்டர்.”

“ஓடினா மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்ல டாக்டர். நல்லா இருக்கா.”

“சாப்பாடு?”

“நல்லா சாப்பிடுறா.”

அப்பா வாயே திறக்க மாட்டார். கதவுப் பக்கமாக நின்று, ஏதோ அவர்தான் தப்பு செய்தவர் போல, தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்ற முறை டாக்டர் கொஞ்சம் குழம்பினார். “ஸ்கேன்ல பார்த்தா சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடலாம்னு தோணுது. குழந்தையைப் பார்த்தா அவசரம் இல்லன்னு தோணுது. சின்ன உடம்பு, நெஞ்சைத் திறக்கறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ரொம்பத் தள்ளிப்போட்டா நுரையீரல் கெட்டுடும். இவளுக்குன்னு ஒரு நாள் எடுத்து வச்சிருக்கேன். அடுத்த தடவை பார்த்துட்டு முடிவு சொல்றேன்.” அதை அப்படியே சொன்னேன். அம்மா தலையாட்டினாள். “நல்லா பாத்துக்கறோம் டாக்டர்” என்றாள்.

அந்த அடுத்த தடவை வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ‘பழுது’ என்று பலகை மாட்டிவிட்டு யாரோ டீ குடிக்கப் போயிருந்தார்கள். முழங்காலைத் திட்டிக்கொண்டே படியேறினேன். திருப்பத்தில் தலையை நிமிர்த்தினால், மேலே அந்த அப்பாவின் முதுகு தெரிந்தது. தோளில் வாண்டு கிடந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் தொங்கி, நல்ல தூக்கத்தில் இருந்தாள். பின்னால் அம்மா, ஒரு கையில் பை, இன்னொரு கையில் அந்தப் பளபளக்கும் ஷூ.

கடைசிப் படியில் அப்பா அவளை மெதுவாக இறக்கி உட்காரவைத்தார். அம்மா முழங்காலிட்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். ஷூவை மாட்டினாள். பவுடரை ஒற்றினாள். பிறகு இரண்டு கன்னத்தையும் கிள்ளிக் கிள்ளிவிட்டாள், ரத்தம் ஏறி முகம் தெளிவாகத் தெரிவதற்கு.

“எழுந்திரு கண்ணு. கொஞ்ச நேரம்தான். உள்ள போயி நல்லா இருக்கணும், என்ன? வெளிய வந்ததும் தூங்கிக்கலாம்.”

“பாவம், விடேன். ரெண்டு நாளா பள்ளிக்கூடம் கூட அனுப்பாம படுக்கவச்சுத்தானே கூட்டிட்டு வர்றோம். அப்படியும் முடியல அவளுக்கு” என்றார் அப்பா. அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“விட்டுட்டு? அழுக்கும் சளியுமா உள்ள தூக்கிட்டுப் போகவா? நல்லா கவனிச்சுக்கற குடும்பம்னு தெரிஞ்சாதாங்க ஆபரேஷன் பண்ணுவாங்க. இதுங்களே பாத்துக்கல, நாம எதுக்கு மெனக்கெடணும்னு தோணிச்சுன்னா அவ்வளவுதான்.”

கதவைத் தள்ளினார்கள். வாண்டு நிமிர்ந்து நடந்து போனாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். காகித அறையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் கொதித்தன. அந்த அம்மாமேல் கோபம். எதைக் காட்டினால் காரியம் நடக்குமோ அதைத் துடைத்துப் பவுடர் போட்டு மறைக்கிறாளே என்று. அப்புறம் என் சட்டத்தின்மேல் கோபம். படிக்கட்டில் பார்த்தது படிக்கட்டோடு. அறைக்குள் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை. போய் அவளிடம், “அம்மா, குழந்தையை இருக்கற மாதிரியே காட்டுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதுவும் கூடாது. புத்தி சொல்வது என் வேலை இல்லை. சட்டத்தை மீறினால் என் சீட்டைக் கிழிப்பார்கள், அது போகட்டும். இன்னொரு நாள் இன்னொரு அறையில் நான் நினைத்ததைச் சொல்லி, அது தப்பாகி, ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? அப்படி ஆன கதைகளைக் கேட்டுத்தான் இந்தச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நான் எழுந்து கதவு வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறையில் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. வாண்டு நடந்து வந்தாள், ஏறி உட்கார்ந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டாள். விளையாடுறாளா, விளையாடுறா. மூச்சு வாங்குதா, இல்ல டாக்டர். ஒவ்வொன்றையும் நான் சொன்னேன். பொய்யென்று தெரிந்த பிறகு அதை ‘நான்’ போட்டுச் சொல்வது வாயில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், நகத்தைப் பார்த்தார், ஸ்கேன் படத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நல்ல சேதிதான். இவ இவ்வளவு தெம்பா இருக்கறப்போ நான் அவசரப்பட விரும்பல. எடுத்து வச்சிருந்த நாளை இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துடறேன். இவளை அடுத்த வருஷம் பார்ப்போம்.”

சொன்னேன். அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மட்டும் கழன்று விழுந்தது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லம்மா, இப்போதாவது சொல்லு என்று மனசுக்குள் அவளை உலுக்கினேன்.

“சரி டாக்டர்” என்றாள் அம்மா. “ரொம்ப நன்றி.”

அதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்தார், கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அவர் தேடும் அந்த இடைவெளியில், வாண்டு அம்மாவின் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டாள். ரகசியம் பேசத் தெரியாத வயது. அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா, நான் இன்னும் எவ்வளவு நேரம் நல்லா இருக்கணும்?”

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். “அக்கா, அத விட்டுடுங்க. சும்மா சொல்லுது.”

யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. நான் எதையும் மீற வேண்டியதில்லை. என் வேலையைச் செய்தால் போதும். டாக்டரைப் பார்த்து, நரைத்த தலையும் சூடான காதுகளுமாக, அவருடைய மொழியில் சொன்னேன்: “அம்மா, நான் இன்னும் எவ்வளவு நேரம் நல்லா இருக்கணும்?” அடுத்து, அதே குரலில்: “அக்கா, அத விட்டுடுங்க. சும்மா சொல்லுது.”

டாக்டரின் கை தலைமேல் இருந்த கண்ணாடியில் நின்றது. என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு வாண்டுவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நல்லா இல்லாதப்போ எப்படி இருக்கும்?”

வாண்டு அம்மாவைப் பார்த்தாள். கதவுப் பக்கமிருந்துதான் குரல் வந்தது.

“நான்தான் தூக்கிட்டு வந்தேன் டாக்டர்” என்றார் அப்பா. “பஸ்ஸுல இருந்து இந்தக் கதவு வரைக்கும். எப்பவும் அப்படித்தான். வீட்டுல மாடிப்படி ஏற முடியாது அவளுக்கு. சாப்பிடுறப்பவே தூங்கிடுவா.”

அதன்பிறகு அம்மாவும் சொன்னாள். போன வருஷம் வாண்டு வகுப்பில் அடிக்கடி தூங்கிவிழுந்திருக்கிறாள். தலை கலைந்து, முகம் வாடி. பள்ளிக்கூடத்தில் சந்தேகப்பட்டு யாருக்கோ சொல்ல, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. “வந்தாங்க, ஃபிரிட்ஜத் திறந்து பாத்தாங்க, படுக்கையைத் தூக்கிப் பாத்தாங்க. என்னமோ எழுதிட்டுப் போயிட்டாங்க. எம்பொண்ண நான் பட்டினி போடுறேன்னு நெனச்சுட்டாங்க டாக்டர். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே எவரும் எங்களப் பாத்து ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னு.” அவள் அழவில்லை. நான்தான் ‘எம்பொண்ண நான் பட்டினி போடுறேன்னு’ என்ற இடத்தில் ‘நான்’ என்று சொல்ல வேண்டியிருந்தபோது மேசைமேல் இருந்த தண்ணீரைத் தேடினேன். குடித்துவிட்டுச் சொன்னேன்.

“நீங்க கவனிக்கலைன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. நீங்க இவ்வளவு கவனமா கூட்டிட்டு வந்ததுலதான் நான் ஏமாந்துட்டேன்” என்றார் டாக்டர். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, நடைபாதைக் கோடி வரை வாண்டுவை நடத்திக் கூட்டிவரச் சொன்னார். பாதி தூரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அப்பா போய்த் தூக்கிக்கொண்டார்.

எடுத்துவைத்த நாள் வாண்டுவுக்கே என்று ஆயிற்று.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் எதிரில் நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்த என் அசட்டுத்தனத்தை என்னவென்பது.

“நம்ம ஆளுன்னு நெனச்சேன் அக்கா” என்றாள். “விட்டுடுங்கன்னு சொன்னேன். அதையும் சேத்துச் சொல்லிட்டீங்க.”

நல்லதுதானே நடந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நெஞ்சைத் திறப்பது சாதாரண விஷயமில்லை என்று நான்தானே அவளுக்குச் சொன்னேன். ஆபரேஷன் மேசைமேல் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இந்த வாய் சும்மா இருந்திருந்தால் என் பொண்ணு இன்னும் ஒரு வருஷம் இருந்திருப்பாளே என்று அவள் நினைப்பாள். நானும் நினைப்பேன். காகித அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆபரேஷனுக்காக வார்டில் சேர்க்கும் அன்று மறுபடியும் பார்த்தேன். அப்பாதான் வாண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு, நடைபாதையெல்லாம் எல்லோரும் பார்க்க, நேராக அறைக்குள் வந்தார். இரவு உடை, கசங்கல். தலை பின்னவில்லை, ரிப்பன் இல்லை. கன்னத்தில் தலையணைச் சுருக்கம் அப்படியே பதிந்திருந்தது. கட்டிலில் படுக்கவைத்ததும் அம்மாவின் விரல் தானாகப் போய்க் குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கப் பார்த்தது. பாதியில் கையை இழுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

“தினமும் இப்படித்தான் இருப்பாளா?” என்று கேட்டார் டாக்டர்.

“தினமும் இப்படித்தான் டாக்டர்.”

நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்க்க மாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆபரேஷன் நடந்த நாள் முழுக்க எனக்கு வேறு அறைகளில் வேலை. சொறி, காய்ச்சல், நாணயத்தை விழுங்கிய ஒரு பையன். எல்லாருடைய ‘நான்’களையும் சொன்னேன். நடுநடுவே கதவிடுக்கில் யாராவது நர்ஸ் தலை நீட்ட மாட்டாளா என்று கண் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் காபி மெஷின் பக்கம் டாக்டரைப் பார்த்தேன். தலையில் கண்ணாடி. கட்டைவிரலைக் காட்டிவிட்டு, காபிக்குச் சர்க்கரை எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பாதி தரையில் கொட்டியது.

வாண்டுவை வார்டுக்கு மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மெலிந்துபோய், நெஞ்சில் கட்டோடு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு சிவந்திருந்தது. கிள்ளாமலே கன்னமும் சிவந்திருந்தது. அப்பா காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். “அக்கா, நர்ஸுகிட்ட ஒண்ணு கேளுங்க. தலை பின்னிவிடலாமான்னு.”

கேட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா கட்டிலின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, சிக்கு எடுக்க ஆரம்பித்தாள். அவள் கை, வழக்கம் போல, படபடவென்று ஓடியது.

அந்த நேரம் டாக்டர் வந்தார். “எப்படி இருக்கே?” என்று வாண்டுவைக் கேட்டார். நான் சொன்னேன்.

வாண்டு பழக்கத்தில் கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை நின்றது. குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக டாக்டர் பக்கம் திருப்பிவைத்தாள்.

“என்னை எதுக்குப் பாக்குற? உன்னத்தானே கேக்குறாரு. உள்ளதச் சொல்லு. அத்தை சொல்லிடுவாங்க.”

அக்கா போய், குழந்தைக்கு உறவு சொல்லிக் காட்டும் அத்தையாக நான் ஆனது எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அதற்குள் வாண்டு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

“நெஞ்சு வலிக்குது. ஊசி போட்ட எடம் அரிக்குது. அம்மா முடிய இழுக்குறாங்க. அந்தக் கஞ்சி நல்லாவே இல்ல. பக்கத்துக் கட்டில் பையன் ராத்திரி எல்லாம் கத்துறான். டாக்டர் கண்ணாடி தலையிலயே இருக்கு, அது அவருக்குத் தெரியல. எனக்கு வீட்டுக்குப் போகணும்.”

ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.